சிட்டு குடித்த பால்

பால் காயும்போது நான் அடுப்படியை விட்டு நகர மாட்டேன், ஐயா. ஆதரவற்ற பிள்ளைகள் விடுதியில் இத்தனை வருடம் சமைக்கிறேன், ஒரு நாள்கூடப் பால் அடிப்பிடித்ததில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

சிட்டு என்று அவளுக்குப் பெயர் வைத்ததே நான்தான். பெற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட, பூட்டிய வீட்டுக்குள் பச்சை மாவைத் தின்றுகொண்டு கிடந்தவளைப் பக்கத்து வீட்டார் கொண்டுவந்து விட்டார்கள். எலும்பும் தோலுமாக இருந்தாள். ஆனால் நெஞ்சழுத்தக்காரி. வந்த வாரமே அறுந்த பொத்தானைத் தானே தைத்துக்கொண்டாள். தத்தெடுக்க யாராவது வரும் நாளில் விடியும் முன்பே குளித்து, தலை சீவி, முன்னறையில் முதல் ஆளாக உட்கார்ந்துவிடுவாள். தனக்கென்று ஒரு வீடு எங்கேயாவது இருக்கும்தானே என்று என்னிடம் கேட்பாள். இங்கே அவளுக்கு என்ன குறைச்சல்? முதல் கரண்டி எப்போதும் அவள் தட்டில்தான் விழும்.

விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. சோர்ந்து கிடக்கும் பிள்ளையை வருகிறவர்களுக்குக் காட்ட மாட்டார்கள். அதனால் அந்த நாட்களில் அவள் பாலில் மட்டும் கொஞ்சம் தூக்க மருந்து கலந்தேன். மத்தியானம் எழுந்து பார்ப்பாள், வந்தவர்கள் போயிருப்பார்கள். கலைந்த தலையைத் திரும்பச் சீவிக்கொள்வாள். அழ மாட்டாள் பாவி மகள். அவளுக்கும் சேர்த்து நான்தான் அழுவேன்.

பிறகு எப்படியோ சுதாரித்துக்கொண்டாள். அந்த நாட்களில் என் கையால் எதையும் வாங்கிக் குடிப்பதில்லை. யாரிடமும் என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை. அப்படித்தான் ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும் அவளைப் பார்த்தார்கள். அந்தம்மா தையல்காரி. அடுத்த முறை வரும்போது சிட்டுவுக்கு மஞ்சள் கவுன் ஒன்று தைத்தே எடுத்துவந்துவிட்டாள். இவள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அம்மா என்றாள். என்னை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

கூட்டிப்போக அவர்கள் வரவேண்டிய அன்று காலை, பாலை ஆற்றி வைத்துக் காத்திருந்தேன். மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு சிட்டு தானாகவே அடுப்படிக்கு வந்தாள்.

"அழாதீங்கக்கா. இன்னைக்கு நீங்க குடுக்குற பாலைக் குடிச்சிட்டே போறேன்" என்றாள். டம்ளரை வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். "இன்னைக்கு ஒண்ணும் கலக்கலல்ல?"

"இல்லடி கண்ணு."

நம்பி, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். கொஞ்சமாகக் கலந்தால் மத்தியானமே எழுந்துவிடுவாளே என்று, பாட்டிலில் இருந்ததை முழுவதும் ஊற்றியிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இன்னும் பிடி கொடுத்துப் பேசவில்லையாம். தையல்காரி கட்டிலை விட்டு நகரவில்லையாம். நேற்று வந்தவளுக்கு என்ன தெரியும்? என்னை ஒரே ஒரு தடவை அங்கே கூட்டிப்போங்கள், ஐயா. கண் திறந்ததும் பிள்ளைக்குப் பசிக்கும். என் கையால் கொடுத்தால்தான் அவள் பால் குடிப்பாள்.