சாத்துக்குடிக்குப் போட்ட ஊசி

காலையில் எழுந்ததும் மோட்டார் போடுவேன். பால் பாக்கெட்டைக் கழுவிக் காய்ச்சுவேன். தொட்டி நிரம்புவதற்குள் பல் துலக்கிவிடலாம். மாவு இருந்தால் இட்லி, இல்லாவிட்டால் ரொட்டி. பிறகு சாந்தோமிலிருந்து வண்டியில் ஈக்காட்டுத்தாங்கல் போய், ஒரு பெயின்ட் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் உட்காருவேன். வேதியியலில் முதுகலை படித்தவன். துளி குறையாமல் அளந்து ஊற்றுவதுதான் வேலை. இதைச் சொல்வதற்குக் காரணம், நடந்தது கவனக்குறைவால் அல்ல என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என் மனைவி ஜொவிட்டாவுக்கு ஊசி என்றால் பயம். அவள் அப்படிச் சொன்னதில்லை. பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. ஒருமுறை கூடைப்பந்து ஆடி முழங்கால் கிழிந்து தையல் போட்டபோது டாக்டருக்கு ஜோக் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளுக்குள் நடுங்குகிறவர்கள்தான் அப்படிச் சிரிப்பார்கள். அன்று நான் வெளியே பெஞ்சில் படுத்திருந்தேன். வெயில் அதிகம்.

கொரோனா இரண்டாவது அலையில் அவளை அடையாறில் ஒரு சின்ன மருத்துவமனையில் சேர்த்தோம். எனக்கும் தொற்று இருந்தது, இருமலோடு சரி. அதனால் துணைக்கு இருக்க விட்டார்கள். டாக்டர் முதலிலேயே தெளிவாகச் சொன்னார்.

"இந்த நோய்ல ரத்தம் உள்ளயே கட்டிக்கும் சார். படுத்தே இருக்கிறவங்களுக்கு ரிஸ்க் ஜாஸ்தி. கால்ல கட்டி, அது நுரையீரலுக்குப் போச்சுன்னா அப்புறம் நம்ம கையில இல்ல. வயித்துல போடுற ஊசிய ஒரு வேளைகூட விடக் கூடாது."

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொல்ல மாட்டேன்.

மாடி முழுவதற்கும் நர்ஸ் செண்பகம் ஒருவர்தான். கவச உடைக்குள் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க படிச்சவரு. இத்த நீங்களே போட்டுடுங்க. மருந்து உள்ளயே ரொப்பி வருது. தொப்புளுக்குப் பக்கத்துல சதையப் புடிச்சிக் குத்தணும், அவ்ளோதான். மொதல்ல ஒரு சாத்துக்குடில குத்திப் பாருங்க, கை பழகிடும்."

சாத்துக்குடிக்குப் பஞ்சமில்லை. மாமனார் அல்போன்ஸ் மயிலாப்பூரிலிருந்து தினமும் ஒரு பை அனுப்பிக்கொண்டிருந்தார். யார் படுத்தாலும் நம் ஊரில் சாத்துக்குடிதான். பிழிவதற்கு ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தையும் மாமியார் வைத்திருந்தார்.

குத்தினேன். அழகாக இறங்கியது. சாத்துக்குடி முகம் சுளிக்கவில்லை. ஊசியின் மூடியைக் கழற்றும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த அறையின் டியூப்லைட் கூசும். ஆனால் கையில் இருந்தது ஜொவிட்டாவுக்கான மருந்து. அதை வீணாக்க மனம் வரவில்லை. பிழிந்து அவளிடம் கொடுத்தேன். நீங்களே யோசித்துப் பாருங்கள். மருந்து வயிற்றுக்குப் போக வேண்டும். ஜூஸும் வயிற்றுக்குத்தான் போகிறது. வழிதான் வேறு.

"ஊசி எங்க மச்சி?" என்றாள். என்னை மச்சி என்றுதான் கூப்பிடுவாள். அவள் அம்மாவுக்கு அது பிடிக்காது.

"குடிக்கிற மருந்தா மாத்திட்டாங்க."

"பரவால்லயே. கொரோனாவே ஜூஸ் கடை போட்டுக்கீதா?"

மறுநாளும் அப்படியே செய்தேன். அதற்கடுத்த நாட்களிலும். ஒரு நாள் செண்பகம் அவள் வயிற்றைப் பார்த்து அசந்துபோனார்.

"இன்னா சார், ஒரு தடம்கூட இல்ல! நான் குத்துனா நாவப்பழம் கணக்கா ஆயிடுது. கைராசி சார் உங்களுக்கு. பக்கத்து ரூம் காதர் பாய்க்கும் போட்டு வுடுங்களேன்."

காதர் பாய்க்குச் சர்க்கரை நோய். ஜூஸ் ஆகாது. மறுத்துவிட்டேன். அந்த அளவுக்குப் பொறுப்பு எனக்கு உண்டு.

பிறகு ஒரு காலையில் ஜொவிட்டாவின் இடது கெண்டைக்கால் வீங்கியிருந்தது. "ஓடாமலே சுளுக்கிக்கிச்சு பாரு, என் பசங்க கேட்டா சிரிப்பானுங்க" என்றாள். நான் தைலம் போட்டு அழுத்தித் தேய்த்துவிட்டேன். அப்படித் தேய்க்கவும் கூடாதாம். மதியத்துக்குள் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது.

டாக்டர் ஓடி வந்தார். "ஊசி ஒழுங்கா போச்சா?"

"ஒரு வேளைகூட விடலை" என்றேன்.

"சார் சூப்பரா போடுவாரு டாக்டர்" என்று செண்பகம் சாட்சி சொன்னார்.

ஜொவிட்டா என்னையே பார்த்தாள். ஊசி ஒழுங்காகப் போயிருந்ததால், ரத்தம் கட்டியிருக்காது, நோய்தான் முற்றிவிட்டது என்று முடிவு செய்து அதற்கான வைத்தியத்தைப் பார்த்தார்கள். நான் திருத்தவில்லை. எல்லோரும் அவசரத்தில் இருந்தார்கள். நடுவில் பேசுவது நாகரிகமல்ல.

அந்த மருந்து வாய் வழியாகப் போனால் வயிற்றிலேயே சிதைந்துவிடும். ரத்தத்தில் சேராது. பிறகுதான் இது தெரிந்தது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். இரண்டாவது சாத்துக்குடியின்போதே தெரியும். ஆகவே ஆம், அவளைக் கொன்றது நான்தான். ஆனால் காரணம் அவளுடைய பயம். அதை மதிக்க ஒருவராவது வேண்டும் அல்லவா?

நினைவுப் பூசைக்கு அச்சடித்த அட்டையில், அவள் கடைசியாகச் சொன்னது "இயேசு மரி சூசை" என்று போட்டிருக்கிறார்கள். மாமியார் கேட்டார், சொன்னேன். அவருக்கு அது ஆறுதலாக இருக்கிறது. உண்மையில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகும்போது லிஃப்டுக்காகக் கொஞ்சம் நிற்க வேண்டியிருந்தது. ஜொவிட்டா ஆக்சிஜன் மாஸ்க்கை ஒரு விரலால் தூக்கி, என்னைக் கிட்டே வரச் சொன்னாள். விட்டு விட்டுத்தான் பேச முடிந்தது.

"உனக்கு பயம்னா சொல்லியிருக்கலாம்ல மச்சி. நானே குத்திக்கினு இருப்பேனே."