மாதா தாண்டிப் போகாத வீடு

நாமக்கல் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னதைக் கேட்டதும் என் காது அங்கேயே நின்றுவிட்டது.

“இந்த வருசம் மாதா எங்க ஊட்டைத் தாண்டிப் போயிரட்டுமுங்க அக்கா.”

ஜெபமாலை மாதமான அக்டோபரில் மாதா சுரூபம், அதாவது மாதா சிலை, வீடு வீடாகப் போய் ஓர் இரவு தங்குவது எங்கள் பங்குக் கோயிலிலும் உண்டு. வேண்டாமென்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

“ஏம்மா, என்னாச்சு?” என்றார் பக்கத்தில் இருந்த அக்கா.

“பையன் வந்திருக்கான். அவனுக்கு ஆம்பளைங்க மேலதான் மனசு போவுதுன்னு சொன்னதுல இருந்து ஊரே பேசுது. ஜெபத்துக்கு வாரவங்க அவனைப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டா நான் தாங்கமாட்டனுங்க.”

“திருச்சபை ஒப்பாததை நானும் சரிங்கமாட்டேன். அதுக்காக அவனை எடை போட நானென்ன தராசோடயா கோயிலுக்குப் போறேன்? நாளைக்கு எங்க ஊட்டுல இருந்துதான உங்க ஊட்டுக்குச் சுரூபம் வரோணும்? உம் பையனையே தூக்க வரச் சொல்லு.”

“அவன் தூக்கலாமுங்களா?”

“போன வருசம் எங்க ஊட்டுக்காரரு குடிச்சுட்டு வந்து தூக்குனாரு. மாதா எறங்கியா ஓடிட்டாங்க?”

அந்தத் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பிறகு போனை எடுத்து மகனை அழைத்தார்.

“சாமி, வெள்ளைச் சட்டையத் தேச்சு வை. நாளைக்கு மாதாவை நீதான் நம்ம ஊட்டுக்குக் கூட்டியாரோணும்.”