படம் காட்டுகிற வேலை

எண்ணூரிலிருந்து ராயபுரம் போகும் பேருந்து ரயில்வே கேட்டில் நின்று அரை மணி ஆகிவிட்டது. கூட்ஸ் வண்டி நகர்வதும் நிற்பதுமாக எங்கள் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருந்தது. என் முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். அவள் மடியில் பூவும் பழமும். தம்பிக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள்.

“அங்க வந்து, காலேஜுல படம் காட்றேன்னு சொல்லி வெக்காத,” என்றாள் அக்கா.

“அதானக்கா என் வேல.”

“படம் காட்றவன்னா நம்ம பக்கம் பீலா வுடறவன்டா. வாத்தியார்னு சொல்லேன்.”

“வாத்தியார் பாடம் நடத்துவாரு. அந்தப் பாடத்துக்கு நான் படம் வரைவேன், போட்டோ புடிப்பேன், மிசின்ல போட்டு செவுத்துல காட்டுவேன். டேப்புல பேசறதும் நான்தான்.”

“அப்ப ஆபரேட்டரு.”

“மிசின ஓட்டறவன்தான் ஆபரேட்டரு. ஓட்டறதுக்குப் படத்த உண்டாக்கறவன் நானு.”

“இத்தினியும் சொல்லி முடிக்கறதுக்குள்ள காபி ஆறிடும்.”

தம்பி மூன்றாவது முறையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

“நம்ம நைனா இருபது வருசமா பாய்லராண்ட வேல செய்றாரு. உள்ள இன்னா நடக்குதுன்னு போன மாசம் நான் வரைஞ்ச படத்துலதான் பாத்தாரு.”

“பாத்துட்டு இன்னா சொன்னாரு?”

“இத்தினி நாளா இதாண்டயா நின்னுனு இருந்தேன்னாரு. அன்னிலேர்ந்து பாய்லருக்குப் பத்தடி தள்ளியே நிக்கறாரு.”

கேட் திறந்தது. பேருந்து குலுங்கிக் கிளம்பியது. அக்கா பூப்பொட்டலத்தை அவிழ்த்து, மறுபடி கட்டினாள்.

“பொண்ணோட அப்பாவும் பாய்லர்லதான் கீறாரு,” என்றாள். “அவருக்கு நெஜமாவே படம் காட்டிடாத.”