நாலாம் சரணத்துக்கு விட்ட இடம்

பிழை பொறுக்காத பேனாவுக்கு உரியவரே! பாமரர் நாவிலும் பாலர் நாவிலும் பண்ணாய்ப் பரவிய ஞானப்பாட்டுகளின் தாயே! நில்லாத காலும் நிறைவறியா நெஞ்சும் கொண்ட எங்கள் திருத்தம் அக்காவே! நீங்கள் ஓய்வு பெறும் இந்நாளில் அச்சகத்தார் அனைவரின் அன்பான தோத்திரம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஆகையால் யாரோ ஓர் அக்காவின் கதைபோலவே சொல்கிறோம். தயவுசெய்து நாற்காலியிலேயே இருங்கள்.

அந்த அக்கா முப்பத்தோராண்டு இந்தச் சபை அச்சகத்தில் புரூப் பார்த்து அச்சுப்பிழை திருத்தினார்; சபைக்குப் பாட்டும் எழுதினார். மனத்தில் பாட்டு வந்துவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. காகிதக் கட்டுகளுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே குட்டி போட்ட பூனையாய் நடப்பார். உதடு முணுமுணுக்கும், விரல் தாளம் போடும். வரி அமைந்ததும் புத்தகம் கட்டும் இளைப்புக்காரரான பைண்டர் அண்ணனைப் பிடித்துப் பாடச் சொல்வார். அவர் ஒரே மூச்சில் முடித்தால் வரி பிழைத்தது. நடுவில் இருமினால் போயிற்று.

"சபையில பாதிப் பேருக்கு வயசாச்சு. மூச்சு முட்டுற வரிய வச்சுக்கிட்டு எப்படி ஜெபம் பண்ணுவாங்க?" என்பார்.

"எனக்கு இளைப்பு நின்னுட்டா அக்கா பாட்டும் நின்னுடும்னு நான் மருந்தே சாப்பிடறதில்ல" என்பார் பைண்டர் அண்ணன்.

அச்சேறிய பாட்டையும் அக்கா விட்டதில்லை. ஆராதனையில் ஊரே கண்மூடிப் பாடும்போது இவர் மட்டும் பேனாவைத் திறந்து தம் பாட்டிலேயே ஒரு சொல்லை அடித்துக்கொண்டிருப்பார். திங்கட்கிழமை அந்தத் திருத்தத்தோடு அவர் வந்தாலே நாங்கள் இயந்திரத்தின் பின்னால் ஒளிந்துகொள்வோம்.

அவர் சொல்லுக்கெல்லாம் மெட்டுப் போட்டவர் அவருடைய தங்கை. சபையில் ஆர்மோனியம் வாசித்தவர். காய்ச்சலென்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. அவர் விட்டுப்போன கடைசி மெட்டுக்கு அக்கா மூன்று சரணம் எழுதினார். மூன்றும் ஏன் ஆண்டவரே என்ற கேள்விதான். பாட்டுப் புத்தகம் அச்சுக்குப் போகும் வாரம் ஆயர் வந்தார்.

"கேள்வியோடயே நிக்குதேம்மா. ஆறுதலா ஒரு சரணம் வேணுமே."

"எனக்கே இன்னும் வரலையே, ஐயா. வராத ஆறுதலை எப்படி எழுதறது?"

எப்படியும் தந்துவிடுவார் என்று நம்பி, எழுத்துக் கோப்பவர் நான்காம் எண்ணைப் போட்டு நாலு வரிக்கு இடம் விட்டார். அக்கா நடந்தார். வாரம் முழுக்க நடந்தார். வரி வரவில்லை. இடத்தை மூட எழுத்துக் கோப்பவர் மறந்துபோனார். அந்தப் பக்கத்தின் புரூப்பைப் பார்க்க மட்டும் அக்காவுக்கு மனம் துணியவில்லை. புத்தகம் அப்படியே வெளிவந்துவிட்டது.

அந்த ஞாயிறு மூன்று சரணம் பாடிய சபை, நான்காவதில் வெற்றிடத்தைக் கண்டு விழித்தது. புதிதாய் வந்த ஆர்மோனியக்காரர் புத்தகத்தைப் பார்க்காமல் வாசிப்பவர். பாட்டுக்கு நாலு சரணம் என்று கேட்டிருந்ததால் அவர்பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனார். சொல்லே இல்லாமல் தங்கையின் மெட்டு மட்டும் ஆலயத்தை நிறைத்தது. அக்கா அன்று பேனாவைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அந்தச் சரணத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. அவரவர் இழந்தவரை நினைத்து நிற்கிறார்கள்.

புதுப் பதிப்பு இப்போது அச்சுக்குத் தயார். "ஓய்வு பெறுறதுக்குள்ள அத முடிச்சாகணும். ஓட்டையோட விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது" என்று மாதக்கணக்காக அக்கா எழுதுகிறார், கிழிக்கிறார், மறுபடி நடக்கிறார். பார்க்கிற எங்களுக்கும் நிலைகொள்ளவில்லை.

அக்கா, இனி உங்களிடமே பேசுகிறோம். அந்தப் பக்கத்தை நேற்றே கோத்து முடித்துவிட்டோம், நான்காம் எண்ணோடும் அந்த வெற்றிடத்தோடும். போன முறை அது மறதி. இந்த முறை எல்லோரும் கூடிப் பேசி, ஆயரிடமும் சம்மதம் வாங்கி, வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். நீங்கள் எழுதியவற்றிலேயே சபை நெஞ்சாரப் பாடுவது நீங்கள் எழுதாத அந்த நாலு வரியைத்தான்.

கால் ஓயாமலும் கண் மங்காமலும், மூச்சு முட்டாத முதுமையோடும் முடிவில்லாத பாட்டோடும் ஆண்டவர் உங்களை நெடுநாள் நடத்துவாராக.

இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டது உங்கள் பேனாவுக்குப் பயந்துதான். ஆனாலும் எங்கள் கையொப்பத்துக்குக் கீழே நாலு வரிக்கு இடம் இருக்கிறது. சட்டத்தின் பின்பலகைக்கு நாங்கள் ஆணி அடிக்கவில்லை.

இங்ஙனம்,
உங்கள் திருத்தத்துக்குக் காத்திருக்கும்
அச்சகத் தோழர்கள்