நாலு கம்பித் தடுப்பும் நம்பிக்கைச் சான்றும்

கடிகாரத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, பிள்ளைகளை இடுப்பில் தாங்கி நிற்கும் தாய்மார்களே, சாவிக்கொத்தோடு வந்திருக்கும் கட்டட இன்ஜினியர் தம்பி அவர்களே, வணக்கம்.

குடியேறுவோர் சார்பில் இந்தப் பாதுகாப்புச் சான்றில் என் கையெழுத்து விழுந்தால் இன்றே உங்களுக்குப் புது வீடு. என் வீட்டுக்காரர் இருந்தவரை கையெழுத்து அவர் வேலை. இப்போது என் வேலை. படிக்காமல் போடுவதில்லை.

படித்தேன். பத்து மாடி, வீட்டுக்கு ஒன்றாக இருநூற்று நாற்பது பால்கனி, இருநூற்று நாற்பது கம்பித் தடுப்பு. சோதித்தது எத்தனை? நாலு. நாலும் உறுதியாம், ஆகவே அத்தனையும் உறுதியாம்!

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்தானேம்மா" என்றார் தம்பி. நானும் ஐம்பது வருடம் உலை வைத்தவள். ஒரே தீயில் வெந்த, அடிவரை கிளறிய பானைக்கு ஒரு சோறு போதும். பல கை முடுக்கிய போல்ட்டுக்குமா போதும்?

தடுப்பு மாட்டிய வெல்டரைக் கேட்டேன். "அந்த நாலும் மொத மாடி, லிப்ட் பக்கம். நான் முடுக்கினதும்மா. மேல யார் கை பட்டுச்சோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்" என்றார்.

சரி, சூதே இல்லை என்று வையுங்கள். பாதித் தடுப்புகள் பழுது என்றும் வையுங்கள். நாணயத்தை நாலு முறை சுண்டினால் நாலும் தலையாக விழுவதில்லையா? சராசரியாகப் பதினாறு ஆட்டத்தில் ஓர் ஆட்டம் விழும். அந்த அதிர்ஷ்டத்தின் மேலா பிள்ளையைச் சாயவிடுவீர்கள்?

யாரது பின்னால், "அப்ப எட்டு பாருங்க" என்பது? உட்காருங்கள் ஐயா. ஐயம் பாதியாக வேண்டுமானால் சோதனை நாலு மடங்காக வேண்டும். நாலு பதினாறானால் ஐயம் பாதி, பதினாறு அறுபத்து நாலானால் கால்வாசி.

இருநூற்று நாற்பது வீட்டு எண்களையும் சீட்டில் எழுதி, இந்த பிஸ்கட் டப்பாவில் குலுக்கி, அறுபத்து நாலு எடுத்தேன். வெல்டரோடு மாடி மாடியாக ஏறினேன். ஒன்பது தடுப்பு ஆடியது. என் கிழட்டுக் கைக்கே ஆடியது!

அந்த ஒன்பதை முடுக்கியாயிற்று. டப்பாவில் மிச்சம் நூற்று எழுபத்தாறு சீட்டு. அவற்றில் ஏறக்குறைய இருபத்தைந்து ஆடும், கூடலாம், குறையலாம். எத்தனை என்று மாதிரிச் சோதனை சொல்லும். எவர் வீடு என்று சொல்லாது. உங்கள் வீடா? உங்கள் மகள் வீடா?

இன்ஜினியர் தம்பி, ஒரு சீட்டு எடுங்கள். வரும் வீட்டுத் தடுப்பில் முழு எடையோடு சாய்ந்து நிற்கச் சம்மதமா? சம்மதமென்றால் இந்த நிமிடமே கையெழுத்து.

டப்பா வரை வந்த கை ஏன் தம்பி திரும்புகிறது?

பார்த்தீர்களா பெரியோர்களே? பேனாவை மூடிவிட்டேன். நூற்று எழுபத்தாறையும் சோதித்த பிறகு திறப்பேன். பொறுமையோடு கேட்ட தாய்மார்களுக்கும் கோபத்தோடு கேட்ட மற்றவர்களுக்கும் என் நன்றி, வணக்கம்.