கல்மான் சைக்கிளின் முதல் வெல்டர் லாய் கின்-ஷுய் அவர்களுக்கு, ஃபிரேம் நிமிர்த்தும் பிரிவினர் மூவர் அளிக்கும் மடல்

கனலைக் கையிலும் கண்ணியத்தைக் கண்ணிலும் ஏந்திய பெருந்தகையே! ஃபெங்யுவான் நகரின் பட்டறைகள் போற்றிப் பேசிய பற்றவைப்பு வல்லவரே! எங்கள் கின்-ஷுய் அண்ணே! வணக்கம்.

இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், நெல்வயலை ஒட்டிய தகரக் கொட்டகையில், நம் முதலாளி து அவர்களும் தாங்களும் இரண்டே வெல்டிங் கருவிகளோடு தொடங்கியது நம் கல்மான் நிறுவனம். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஃபிரேம் செய்துகொடுத்த முதல் ஒன்பது ஆண்டுகளும் தாங்கள் ஒரே பாட்டைத்தான் பாடினீர்கள்: "மொதலாளி, எவன் பேரையோ ஒட்டி அனுப்புறோமே, நம்ம மலையில நம்ம வண்டி எப்ப ஏறும்?" ஏறியது. மான்கொம்பு முத்திரையிட்ட முதல் மலைச் சைக்கிளைத் தாங்களே ஓட்டிப் பார்த்து, முழங்கால் சிராய்த்துத் திரும்பி, "வண்டிக்கு ஒண்ணும் ஆகல, ஓட்டுனவன்தான் மட்டம்" என்றீர்கள். அந்த வண்டியால் நாற்பத்தொரு குடும்பங்கள் பிழைத்தன.

அடுத்த பத்தியை நான்கு முறை எழுதிக் கிழித்தோம். இது ஐந்தாவது.

உலையில் காய்ச்சித் தண்ணீரில் முக்கியெடுத்த அலுமினிய ஃபிரேம் சில மணி நேரமே இளகியிருக்கும். அதற்குள் கோணலை நிமிர்த்திவிட வேண்டும். இறுகிய பின் வளைத்தால் உள்ளே விரிசல் விடும். சென்ற ஆண்டு, நிலாக்கணக்கில் மூன்றாம் மாதம் பதினாறாம் நாள், மண்தெய்வத்துக்குப் படையல். காலையில் முக்கியெடுத்த அறுபது ஃபிரேம்களை அப்படியே விட்டுப் படையல் சாப்பாட்டுக்கும் பீருக்கும் உட்கார்ந்தோம். எழுந்தபோது மணி நான்கு. "ரெண்டு மில்லிமீட்டர் கோணல்தானே, தடியப் போட்டு ஒரு அமுக்கு அமுக்குங்கப்பா, எவன் பாக்கப் போறான்?" என்றார் எங்களில் மூத்தவரான சியென் வான்-ஃபா. அமுக்கினோம். சோதனைச் சீட்டில் 'முற்பகல்' என்று எழுதினோம்.

அந்த அறுபதில் ஒன்று, கோடையில், மலைச்சரிவில் இரண்டாகப் பிரிந்தது. ஓட்டிய இளைஞருக்கு இன்றும் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பிளந்த இடம் தங்கள் வெல்டிங்கின் ஓரம் என்பதால், "கின்-ஷுய் கை தவறிப்போச்சு" என்றது ஊர். நாங்கள் வாய் திறக்கவில்லை. ஆர்டர்கள் நின்றன. நாற்பத்தொரு பேரில் ஒன்பது பேர் மிஞ்சினோம்.

ஆண்டிறுதி விருந்தில் கோழித்தலை யாரைப் பார்க்கிறதோ அவருக்கு வேலை போகும் என்பது நம் வழக்கம். இனியும் யாரையும் அனுப்ப மனமில்லாத முதலாளி, தலையைத் தம் பக்கமே திருப்பி வைத்தார். தாங்கள் எழுந்து தட்டைச் சுழற்றினீர்கள். "என்னையப் பாக்கட்டும் மொதலாளி. ஒட்டுனது நான்தானே." அப்போதும் வான்-ஃபா, "உக்காருங்கண்ணே, சூப்பு ஆறுது" என்று மட்டுமே சொன்னார். நாங்கள் மற்ற இருவரும் அதுகூடச் சொல்லவில்லை.

ஆகவே, பணி ஓய்வு என்று இந்த விழாவின் அழைப்பிதழில் அச்சிட்டிருப்பது பொய். முதலாளி முன்னிலையில், சபை அறியச் சொல்கிறோம்: தங்கள் வெல்டிங்கில் குறையில்லை. குறை எங்கள் தடியில்.

இம்மடலின் ஒரு படியை இன்று காலை அந்த இளைஞர் வீட்டில் கொடுத்தோம். அவருடைய தாயார் நிதானமாகப் படித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. இத வச்சு எம்புள்ள எந்திரிப்பானா?" என்று கேட்டார். பணி ஓய்வுக்கு மிஞ்சியிருந்த தங்கள் இரண்டு ஆண்டுகளையும் எங்களால் திருப்பித் தர இயலாது.

தங்களுக்கு நீண்ட ஆயுளும் நோயற்ற வாழ்வும் வேண்டிக்கொள்ளும் தகுதி எங்களுக்கு இல்லை; நாங்கள் வேண்டாமலே அவை தங்களுக்கு வாய்க்கட்டும். இத்தகைய மடலைக் கண்ணாடிச் சட்டத்தில் இட்டு வீட்டில் மாட்டுவார்கள். தங்கள் சுவருக்கு இது வேண்டாம். கல்மான் கதவு மூடும் நாள்வரை தொழிற்சாலை வாசலில் மாட்டிவைக்கிறோம். போகிறவர் வருகிறவர் படிக்கட்டும்.

இப்படிக்கு,
அமுக்கச் சொன்ன சியென் வான்-ஃபா
அமுக்கிய ஷு தே-லாங்
'முற்பகல்' என்று எழுதிய கோ மெய்-யூ