ஊசியம்மாவின் மவுஸ்

மவுஸ் சரியில்லை என்று உங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கைதான் சரியில்லாமல் இருக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். நாகரிகம் கருதி நீங்கள் சொல்வதில்லை. நான் அந்த ரகம் இல்லை அண்ணா. இதை உங்கள் மேசையில் வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டேன். இவ்வளவும் எங்கே கற்றாய் என்று கேட்கிறீர்கள். அம்மாவின் மவுஸில் கற்றேன். கடையில் கூட்டமில்லை, சொல்கிறேன்.

அம்மா நர்ஸ். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கிற அறையில் வேலை. நரம்பே தென்படாத கிழவர்களுக்கும், கையைப் பிடுங்கிக்கொண்டு அலறுகிற குழந்தைகளுக்கும் ஒரே குத்துதான். எடுத்து முடித்த பிறகு "எப்பம்மா குத்துவீங்க?" என்று கேட்டவர்கள் உண்டு. அப்படிப்பட்ட கையில் என் பழைய மவுஸைக் கொடுத்து, கம்ப்யூட்டரில் நான் ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டைத் திறந்துவைத்து, "சும்மா சுட்டுப் பாரும்மா" என்றது நான்தான். அந்தப் பெருமை என்னைச் சேரும். யாரும் அதைச் சொல்வதில்லை.

நான், நெட்டை, இன்னும் இரண்டு நண்பர்கள் சேர்ந்து ஓர் அணி. அந்த விளையாட்டில் நால்வர்தான் ஆடலாம். ஒருமுறை எனக்குக் காய்ச்சல். என் இடத்தில் அம்மா உட்கார்ந்தாள். கோட்டைச் சுவருக்கு மேல் தலை தூக்கியவனையெல்லாம் ஆளுக்கொரு குண்டில் படுக்கவைத்தாள். ஒவ்வொருவனைச் சுடும்போதும், "கொஞ்சம்தான் வலிக்கும், பொறுத்துக்கப்பா" என்று வேறு சொன்னாளாம். நெட்டை அன்றே அவளுக்கு ஊசியம்மா என்று பெயர் வைத்துவிட்டான். எனக்குக் காய்ச்சல் விட்ட பிறகும், "நீ நல்லா ரெஸ்ட் எடுடா. அதான் அம்மா இருக்காங்கல்ல" என்றான். என் உடம்பின்மேல் அவனுக்கு அத்தனை அக்கறை. வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். எனக்குப் பெற்ற தாயே பாய்ந்துவிட்டாள். வயிறு எரிந்தது. அதை நான் மறைக்கவில்லை.

முதலில் ஒரு முடி. அம்மாவின் சீப்பிலிருந்தே எடுத்தேன். மவுஸின் அடியில் சென்சார் இருக்கிறதே, அந்தக் குழிக்குள் ஒரு துண்டு விழுந்தால் போதும், கர்சர் தானாக நடுங்கும்.

"கண்ணா, இது என்னவோ ஆடுதுடா. கொஞ்சம் பாரேன்."

என் அறைக்கு எடுத்துப்போய் முடியை நீக்கினேன். திரும்பி வந்து அவள் கண்ணெதிரே ஓட்டிக் காட்டினேன். "ஒண்ணுமில்லையேம்மா." அவள் டியூட்டிக்குக் கிளம்பியதும் முடி மறுபடி உள்ளே போயிற்று.

ஒரே மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தால் உடம்பு பழகிவிடும் என்று அம்மாவே சொல்வாள். அதனால் மாற்றினேன். வேகத்தைக் கூட்டும் பொத்தானை ஒரு தட்டு தட்டிவைத்தேன். குறி ஆளைத் தாண்டிப் போய் நின்றது. கம்பியில்லாத மவுஸ் என்பதால், கம்ப்யூட்டரில் செருகும் குட்டி ரிசீவரைப் பெட்டிக்குப் பின்னால், இரும்பு அலமாரியை ஒட்டி மாற்றினேன். கை போய்ச் சேர்ந்த பிறகு கர்சர் சாவகாசமாகக் கிளம்பியது. இடது பொத்தானுக்குக் கீழே தேய்ந்த சுவிட்ச் ஒன்றைப் பற்றவைத்தேன். ஒரு தட்டு இரண்டாக விழுந்தது. அவள் கூப்பிடும்போதெல்லாம் முகம் சுளிக்காமல் போய்ச் சரிசெய்து காட்டினேன். எத்தனை பிள்ளைகள் அப்படிச் செய்வார்கள்?

"உன் கையில நல்லாத்தானே ஓடுது" என்றாள் ஒருநாள். பிறகு தன் கையை விளக்குக்கு நேரே நீட்டிப் பார்த்தாள். "வயசாகுதுல்ல, கண்ணா?"

நான் மறுத்திருக்கலாம். ஆனால் அவளுக்கு வயதாவது உண்மைதானே. பொய் சொல்லக் கூடாது என்று என்னை வளர்த்தவள் அவள்.

விளையாட்டை விட்டாள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அம்மா எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். ஊசியைப் பிடிக்கும்போதும் தன் கையையே பார்க்க ஆரம்பித்திருக்கிறாள். ஒரு மாலை வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு சின்னக் குழந்தைடா. மறுபடி மறுபடி குத்தியும் வரல. கையெல்லாம் நீலமாயிடுச்சு." பாவமாகத்தான் இருந்தது. தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

அவளே கேட்டு, டோக்கன் கொடுக்கிற இடத்துக்கு மாறிக்கொண்டாள். உட்கார்ந்து பார்க்கிற வேலை, காலுக்கு நல்லது. நரம்பு டாக்டர் கையைச் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அவள் நம்பவில்லை. மவுஸைப் பார்த்துவிட்டு நானும் அதையேதானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை வேலையையே விடுவதாக எழுதிக் கொடுக்கப்போகிறாள். சொல்லிவிடலாமே என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. சொன்னால் என்ன ஆகும்? கை சரியாகிவிடும். கை சரியானால் நெட்டை கூப்பிட்டுவிடுவான்.

இப்போது என் இடம் எனக்குக் கிடைத்துவிட்டது. நான் ஆடும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, வலது கையை இடது கைக்குள் பொத்திக்கொண்டு பார்க்கிறாள். ஆட்டத்துக்கு ஆட்டம் நால்வரில் முதலில் சாகிறவன் நான்தான். நெட்டை சிரிக்கிறான். அம்மா மட்டும், "உன் மவுஸைக் கொண்டுபோய்க் கடையில காட்டுடா. உன் கைமேல தப்பு இருக்காது" என்றாள். அவள் சொல்லித்தான் வந்தேன்.

ஏன் அண்ணா என்னையே பார்க்கிறீர்கள்? மவுஸைப் பாருங்கள். உள்ளே முடி இல்லை, சுவிட்ச் புதிது, ரிசீவர் எதிரிலேயே இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கை நடுங்காது. கோளாறு இதில்தான் இருக்க வேண்டும்.